மர்மமும் மறைப்பும்

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்கள் நீதிமன்றத்தின் கட்டளைப்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. உடைகள், வளையல்கள், காலணிகள், குழந்தையின் பாற்போத்தல், பொம்மை, நீலநிறப் பாடசாலைப் பை என்பன அவற்றுள் அடங்கும். இவற்றுள் எதையேனும் எவரேனும் அடையாளங் காண்பார்களா என்பதே அன்று மக்கள்முன் வைக்கப்பட்ட வினா. சட்டமும் மருத்துவமும் தொல்லியலும் ஒருங்குகூடி நின்ற இடத்திலும், ஈற்றில் சாதாரண மனிதரின் கண்ணையும் நினைவையும் நாடவேண்டியிருந்தது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அந்நாள்களில் சாவகச்சேரியில் எமது காதில் விழுந்த பேச்சே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் தனியார் கல்வி நிலையங்களின் வாயிலிலும் செம்மணியே பேச்சாயிருந்தது. சந்தைக்கருகே ஒரு தேநீர்க்கடையில் நாம் அமர்ந்திருந்தபோது, இளைஞர் நால்வர் கைத்தொலைபேசியிற் கண்ட படங்களை ஒருவருக்கொருவர் காட்டி வாதிட்டுக்கொண்டிருந்தனர். எலும்புகள் கிடந்த ஆழத்தைக்கொண்டு ஒருவர் ஆண்டைக் கணித்தார். பற்களைப் பார்த்து மற்றொருவர் வயதைச் சொன்னார். இன்ன அதிகாரிதான் இதனைச் செய்தவர் என்று மூன்றாமவர் பெயர்கூறி முடித்தார். அது தவறு, வேறொருவரே காரணம் என்று நான்காமவர் மறுத்தார். வாதம் சூடேறிக்கொண்டிருந்தது.

மரக்கறி விற்றுவிட்டு வெறுங் கடகத்துடன் வந்த மூதாட்டி ஒருவர் கடைவாயிலில் நின்று இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் மெல்ல அவர்களிடம் கேட்டார்: "தம்பியவை, அதுக்குள்ளை சாரம் ஏதும் கிடந்ததோ? நீலச் சாரம். நான் பச்சை நூலாலை மூட்டிக் குடுத்தது."

நால்வராலும் விடைகூற முடியவில்லை. ஒருவர் தொலைபேசியை எடுத்துத் தேடிப் பார்த்தார். பிறகு அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்து வந்தது, மூதாட்டி போய்விட்டார்.

அவ்விளைஞரை நாம் இழிவாக எண்ணவில்லை. நடந்த கொடுமையை அறியவேண்டும் என்ற துடிப்பு அவர்களிடம் இருந்தது. இருபது வயதுகூட நிரம்பாதோர் தாம் பிறக்குமுன் நிகழ்ந்தவற்றைக் குறித்து இவ்வளவு ஆவலுடன் பேசுவதே ஒரு நல்ல அறிகுறி எனலாம். எனினும், ஆயிரம் ஊகங்களுக்கு இடமளித்த அவ்வுரையாடலில் ஒரு தாயின் ஒரேயொரு வினாவுக்கு இடமில்லாமற் போயிற்றே, அஃது ஏன்? அதற்கு அவர்களின் குணத்தைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் அறியாமலே கைக்கொண்டுள்ள ஒரு சிந்தனை முறையில்தான் காரணம் தங்கியிருக்கிறது. அம்முறையை ஆராய்வதே விமரிசகனின் கடமையாகும்.

முதலில் செய்திகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சியுட் புகுந்தனர். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் படையினர் வசமாக, மக்கள் தம் ஊர்களுக்குத் திரும்பலாயினர். அவ்வாண்டிலே, ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் குடாநாட்டின் காவல் நிலைகளிலும் சுற்றிவளைப்புகளிலும் பிடிக்கப்பட்டு மீளாதுபோயினர். யூலை 19இல் நாவற்குழிப் பகுதியில் மட்டும் 24 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். செப்டெம்பர் 7ஆம் நாள், கைதடியைச் சேர்ந்தவரும் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவியுமான கிருசாந்தி குமாரசுவாமி, உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகையில் செம்மணிக் காவல் நிலையில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன.

1998 யூலை 3ஆம் நாள் அவ்வழக்கில் மரணதண்டனை பெற்ற படையினருள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 வரையான உடல்கள் செம்மணியிற் புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றில் உரைத்தார். 1999இல் நடந்த அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பின்னர் கால் நூற்றாண்டு மௌனம் நிலவிற்று. 2025 பெப்ரவரியில், தகன மேடை ஒன்று அமைப்பதற்காகச் சித்துப்பாத்தி மயானத்தில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. மே மாதம் முறையான அகழ்வு தொடங்கிற்று. செப்டெம்பர் தொடக்கத்தில், அடையாளங் காணப்பட்ட எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 240 ஆயின. சிறு குழந்தைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன.

இத்தகைய செய்திகள் ஒருவனது உள்ளத்திற் புகும்போது, ஏற்கெனவே அங்கு அமைந்துள்ள கதை வடிவங்களிலேதான் அவை போய்த் தங்குகின்றன. எமது வாசகர் கூட்டத்தின் உள்ளத்தில் நெடுங்காலமாக அமைந்துள்ள வடிவம் துப்பறியும் கதையாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வடிவத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தனர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். அவனுக்குப் பின் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடி சிக்கல்களை அவிழ்த்தார். இன்று திரைப்படங்களும் தொடர்களும் அதே பணியைச் செய்கின்றன. பொழுதுபோக்கு என்ற அளவில் இவற்றை நாம் வெறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு கதைவடிவம் வாசகனுக்கு இன்பம் அளிப்பதுடன் நின்றுவிடுவதில்லை. உலகத்தை எவ்வாறு நோக்கவேண்டும் என்றும் அது கற்பித்துவிடுகிறது.

துப்பறியும் கதை தன் பிறப்பிலேயே உண்மையான ஒரு பெண்ணின் மறைவோடு தொடர்புற்றது என்பது பலர் அறியாத செய்தி. நியூயோர்க் நகரில் புகையிலைக் கடையொன்றில் விற்பனைப் பெண்ணாக வேலைபார்த்த மேரி ரொஜர்ஸ் 1841 யூலை மாதத்தில் காணாமற்போனார். மூன்று நாள்களின் பின் ஹட்சன் ஆற்றில் அவரது உடல் மிதந்தது. பத்திரிகைகள் நாளுக்கொரு ஊகத்தை வெளியிட்டு விற்பனையைப் பெருக்கின. அப்போது எட்கர் அலன் போ, அவ்வழக்கை அவ்வாறே பாரிஸ் நகருக்கு மாற்றி, 'மேரி ரோஜே மர்மம்' என்ற கதையை எழுதினார். பத்திரிகைச் செய்திகளை மட்டும் வாசித்து, வீட்டிலிருந்தபடியே டூப்பன் என்னும் அவரது துப்பறிவாளர் வழக்கை ஆராய்கிறார். நாற்காலியிலிருந்தே புலனாய்வு செய்யும் இன்றைய ஆர்வலர் அனைவருக்கும் இவரே மூதாதை எனலாம்.

கதை 1842 நவம்பரில் தொடங்கி மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அது வெளிவந்துகொண்டிருக்கையிலேயே, மதுச்சாலைக்காரி ஒருத்தி மரணப் படுக்கையிற் கூறியதாக ஒரு செய்தி பரவிற்று. அப்பெண் கருச்சிதைவு முயற்சியில் இறந்திருக்கலாம் என்பது அதன் சாரம். போவின் ஊகமோ வேறு. அவர் என் செய்தார்? 1845இல் அக்கதையை நூலாக்கியபோது, புதிய செய்திக்கும் இடங்கொடுக்குமாறு சில சொற்களைத் திருத்தினார். தம் முடிவு மெய்யென உறுதிப்பட்டதாக ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். மேரி ரொஜர்சுக்கு நேர்ந்தது என்னவென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. டூப்பனின் புகழுக்கோ எவ்விதக் குறையும் நேரவில்லை.

போ பெருங் கலைஞர் என்பதில் ஐயமில்லை. அவரது கலைத்திறனை மறுப்பது எமது நோக்கமுமன்று. ஆயினும் இவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைவேலை செய்து பிழைத்த ஓர் ஏழைப் பெண்ணின் மரணம், மதிநுட்பத்தைக் காட்டுவதற்கான களமாகிவிட்டது. ஆராய்ச்சி அவளுக்காகத் தொடங்கிற்று; முடிவில் ஆராய்ந்தவரின் பெருமையைக் காப்பதாயிற்று. தேநீர்க்கடையில் நால்வர் வாதிட்டபோதும், ஒவ்வொருவரும் தத்தம் ஊகத்துக்காகவே குரலை உயர்த்தினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

துப்பறியும் கதையின் அடிப்படையில் மூன்று நம்பிக்கைகள் உள்ளன. குற்றம் என்பது ஒழுங்கான சமுதாயத்தில் நேர்ந்த ஒரு விதிவிலக்கு என்பது முதலாவது. அக்குற்றத்தின் பின்னால் மறைந்திருக்கும் தனி மனிதன் ஒருவன் உளன், அவனைக் கண்டுபிடித்தலே உண்மையைக் கண்டறிதல் என்பது இரண்டாவது. விடை கண்டதும் அதனை ஏற்று நீதி வழங்கச் சட்டம் காத்திருக்கிறது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் எமது மண்ணின் அநுபவத்தோடு ஒப்புநோக்குவோம்.

நாவற்குழியில் கொண்டுசெல்லப்பட்ட 24 பேர் நள்ளிரவில் முகமூடிக் கள்வரால் கவரப்பட்டவர்களா? சுற்றிவளைப்பில், உறவினர் கண்முன்னே, சீருடை அணிந்தோரால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். நாள் தெரியும், இடம் தெரியும், முகாம் தெரியும். செம்மணிக் காவல் நிலையோ குடாநாட்டின் தலையாய வீதியில் வெட்டவெளியில் நின்றது. தாய்மார் அன்றைக்கே முகாம் வாசலுக்குச் சென்று கேட்டனர். பெற்றோர் சங்கமாகத் திரண்டு பெயர்ப் பட்டியல்களைத் தயாரித்து அதிகாரிகளிடம் கையளித்தனர். நாவற்குழி வழக்குக்கு வருவோம். முன்னர் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுக்கள் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டுத் தேங்கின. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றில் மீண்டும் மனுத்தாக்கல் செய்யவேண்டியதாயிற்று. இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின்னும் உறவினர் கேட்டது ஒன்றே: எம்மிடமிருந்து கொண்டுசென்றவர்களை எமக்குக் காட்டுங்கள்.

இதில் மர்மம் எங்கே இருக்கிறது? மர்மம் என்பது எவரும் அறியாத ஒன்று. மறைப்பு என்பது சிலர் அறிந்திருந்து, பலர் அறியாதவாறு தடுக்கப்பட்ட ஒன்று. மர்மத்தைத் தீர்க்கக் கூர்ந்த மதி போதும். மறைப்பைத் தகர்க்க வேண்டுமாயின், கோப்புகளைத் திறக்கச் செய்யவும், சாட்சிகளைக் காக்கவும், அதிகாரத்தைப் பதில்கூற வைக்கவும் வல்ல மக்கள் ஆற்றல் வேண்டும். எமது ஆர்வலர் புரியும் பெருந்தவறு இதுவே: அவர்கள் மறைப்பை மர்மமாக மாற்றிவிடுகின்றனர். அரசு பதில்கூற வேண்டிய வினாவை, அறிவாளி விடை காணவேண்டிய விடுகதையாக்கிவிடுகின்றனர். இம்மாற்றத்தால் எவர் பயனடைவர் என்பதை விளக்கவேண்டியதில்லை. விடுகதையாக இருக்கும்வரை எவரும் பொறுப்பாளி அல்லர்.

விடை கண்டால் நீதி தானே வரும் என்ற நம்பிக்கைக்கும் தென்மராட்சியிலேயே மறுப்பு உண்டு. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் மிருசுவிலில் உள்ள தம் வீடுவாசல்களைப் பார்க்கச் சென்றனர். அவர்களுள் எண்மர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர்; ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களில் ஒன்று. காயத்துடன் தப்பிய ஒருவரின் வாய்மொழியாலேயே உண்மை வெளிவந்தது. வழக்கு நடந்தது, 2015இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது, 2019இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அவர் சனாதிபதியின் பொதுமன்னிப்பில் விடுதலையானார். துப்பறியும் கதையாயின் 2015ஆம் ஆண்டோடு புத்தகத்தை மூடிவிடலாம். வாழ்க்கை அவ்வாறு மூடிக்கொள்ளவில்லை.

ஊகத்தின் தீங்குகளையும் சொல்லவேண்டும். செம்மணி அகழ்வு நடந்தபோது, கணினியின் செயற்கை அறிவால் உருவாக்கப்பட்ட போலிப் படங்கள் மெய்ப்படங்களோடு கலந்து பரவின. பரப்பியவருட் பலர் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆயினும் ஒரு போலிப் படம் அகப்பட்டால், மறுப்பவனுக்கு அது போதும். மண்ணிலிருந்து வந்த மெய்யான எலும்பையும் அவன் போலி என்பான். ஆதாரமின்றி ஒருவர் பெயரைக் கூறுவதும் இத்தகையதே. அப்பெயர் தவறாயின் நிரபராதி ஒருவன் கெடுவான். சரியாயினும், வழக்கு முன்கூட்டியே கெடக்கூடும். இவை எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. படத்தில் ஒரு சட்டையைக் காட்டி, "இது இன்னாருடையது" என எவனோ எழுதிவிட, முப்பதாண்டு காத்திருந்த தாய் ஒருத்தி ஓடிவந்து, அது தன் மகனுடையதன்று எனக் கண்டு திரும்புவாளாயின், அந்தத் துயருக்கு எவர் பொறுப்பு?

இவ்விடத்தில் மாணவ நண்பர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்டதை இங்கு எழுதியே ஆகவேண்டும். "அப்படியானால் பாமரர் வாய் திறக்கக் கூடாதா? நிபுணரும் அரசும் பேசும்வரை பேசாதிருக்க வேண்டுமா? அவர்கள்தாமே இருபத்தைந்து ஆண்டு பேசாதிருந்தார்கள்!" என்றார் அவர்.

இக்கேள்வியில் பெரும் நியாயமுண்டு. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதியைத் தந்தவர்கள் எவ்விதப் பயிற்சியும் பெறாத மக்களே. பெயர்ப் பட்டியல்களை எழுதியவர்கள் பெற்றோர். கிருசாந்தியின் தாயார் ஓர் ஆசிரியர். மகள் வீடு திரும்பாதபோது, புலனாய்வு என்ற சொல்லையும் நினையாமல், நேரே காவல் நிலைக்குச் சென்று கேட்டார். கேட்டதற்காகவே கொல்லப்பட்டார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தவர்கள், படங்களை நெஞ்சோடு அணைத்த முதிய பெண்களே. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்தின் மீது அவர்கள் நம்பிக்கை வைக்கவில்லை எனில், அந்நம்பிக்கையின்மைக்கு வரலாறு உண்டு. ஆகவே பயிற்சியின்மையைக் குற்றமாகக் கூறி மக்களை வாயடைக்கச் செய்வோருடன் நாம் ஒருபோதும் சேரமாட்டோம்.

எனினும் தேடுவோரைத் துப்பறிவோருடன் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. எமது இலக்கியத்தில் இவ்வேறுபாட்டுக்கு ஒப்பற்ற சான்று உண்டு. சாவகச்சேரிக்கு அண்மையிலுள்ள மட்டுவிலில், பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில், பங்குனித் திங்கள்தோறும் மக்கள் பொங்கிப் படைக்கும் தெய்வம் கண்ணகியே. அவளைத் தெய்வமாக்கிய நாம், அவள் பாண்டியன் அவையில் செய்தது என்ன என்பதை மறந்துவிடுகிறோம். அவள் ஊகங் கூறவில்லை. கொலைசெய்தவன் எவன் எனத் துப்பறியவுமில்லை. அரச கட்டளையாற் கொன்றார்கள் என்பது ஊரறிந்த செய்தி. தன் சிலம்பின் பரல் இன்னது என்று அவள் அறிந்திருந்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். அவையின் முன் உடைத்துக் காட்டினாள். ஆராயாது தீர்ப்பளித்த அதிகாரம் அந்த ஒரு சிறு பரலின் முன் நிற்கமாட்டாது வீழ்ந்தது.

பச்சை நூலால் மூட்டிய நீலச் சாரம் இத்தகைய ஒரு பரல். உலகத்தின் எந்த ஆய்வுகூடமும் அறியாத செய்தி அது. அதனை மூட்டிய கை மட்டுமே அதனை அறியும். துப்பறிவோனிடம் பொதுவான கருத்துகள் ஆயிரம் உள்ளன. தேடுவோளிடம் குறிப்பான ஒன்று உள்ளது. விடை கிடைத்தால் துப்பறிவோனுக்குப் போதும். தேடுவோளுக்கோ ஆள் வேண்டும். ஆள் இல்லையேல், எடுத்துச் சென்று கடன் கழிக்க எலும்பாவது வேண்டும். இந்தக் குறிப்பான அறிவைக் காப்பாற்றி, அதனை அறிவியலோடு இணைப்பதே படித்தவனின் பணியாகும்.

அவ்வாறு இணைக்க முடியும் என்பதற்கு ஆர்ஜென்டீனா எடுத்துக்காட்டாகும். அங்கு இராணுவ ஆட்சியின் கீழ் மறைந்த பிள்ளைகளைத் தேடி, 1977 ஏப்ரல் 30ஆம் நாள் தாய்மார் சிலர் புவெனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில் ஒன்றுகூடினர். அவர்களுட் பாட்டிமார் ஒரு தனி வினாவை எழுப்பினர். பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டனர், சிறைகளிற் பிறந்த பேரக் குழந்தைகளை யாரோ வளர்க்கின்றனர், பாட்டியின் குருதியைக்கொண்டு பேரனை இனங்காண முடியுமா? விஞ்ஞானிகளின் வாசல்தோறும் சென்று இதனைக் கேட்டார்கள். மேரி கிளெயர் கிங் முதலிய மரபியல் அறிஞர்கள் அவ்வினாவுக்கு விடையாக ஒரு முறையை வகுத்தனர். 2025 யூலை வரையில் 140 பேரப்பிள்ளைகள் இனங்காணப்பட்டுள்ளனர். வினா மக்களிடமிருந்து பிறந்தது. முறை அறிவியலிடமிருந்து வந்தது.

அந்நாட்டு மாணவர் செய்ததும் எமது மாணவர் அறியவேண்டியது. 1984இல் கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் அங்கு சென்றபோது, பெயரில்லாத புதைகுழிகளை அகழத் தமக்குத் துணைவேண்டும் என்றார். மானிடவியலும் தொல்லியலும் மருத்துவமும் பயின்ற இளம் மாணவர் சிலர் முன்வந்தனர். அவர்களுக்கும் அன்று அத்தொழில் தெரியாது. கற்றார்கள், மண்ணைத் தூரிகையாற் களைந்தார்கள், ஒவ்வோர் எலும்பையும் குறித்துவைத்தார்கள். அவர்களாற் பிறந்த ஆர்ஜென்டீன தடயவியல் மானிடவியற் குழு பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்று பணிபுரிந்தது. பயிற்சியற்ற ஆர்வம் ஒழுங்குக்கு உட்பட்டபோது எத்துணை வலிமை பெற்றது என்பதை இது காட்டுகிறது.

ஒழுங்கு என்று நாம் கூறுவது, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே கோடு கிழிக்கும் நேர்மையாகும். மன்னார் அநுபவம் இதற்குப் பாடம். 2018இல் நகரின் நடுவே, சதொச வளாகத்தில் தொடங்கிய அகழ்வில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை அண்மைய போரில் இறந்தோருடையவை என்று பலர் ஐயமின்றிப் பேசினர். அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகள் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என 2019இல் அறிக்கை வந்தது. உடனே மற்றொரு சாரார், முழுப் புதைகுழியும் பழைமையானதே, வினா முடிந்தது என்றனர். ஆறு மாதிரிகள் ஆறு மாதிரிகளைப் பற்றியே பேசும் என்ற எளிய உண்மையை இரு சாராரும் கருதவில்லை. மகிழ்ச்சி தரும் முடிவையும் வருத்தம் தரும் முடிவையும் ஒரே அளவுகோலால் அளப்பவனே ஆராய்ச்சியாளன்.

இதனோடு சேர்ந்த மற்றொரு நேர்மையும் வேண்டும். எமது தேடல் ஒரு பக்கத்து மரணங்களோடு நின்றுவிடலாமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி 1991இல் தமிழீழ விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டார், மீளவில்லை. அவரைப்போல் எமது இயக்கங்களால் மறைக்கப்பட்டோரின் தாய்மாரும் இன்னும் காத்திருந்தனர். பலர் காத்திருந்தே மடிந்தனர். தெற்கிலோ, 1989ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் மறைந்தனர். எம்பிலிப்பிட்டியிற் பாடசாலை மாணவர் பலர் இல்லாமற்போயினர். அவ்வழக்கில் 1999இல் தண்டிக்கப்பட்டோருள் அப்பாடசாலையின் அதிபரும் ஒருவர் என்பதை, ஆசிரியர்களாகிய வாசகர்கள் மறவாதிருத்தல் நன்று. 1994இல் சூரியகந்தையிலும் 2012இல் மாத்தளையிலும் புதைகுழிகள் வெளிப்பட்டன. சிங்களத் தாயின் கண்ணீரையும் தமிழ்த் தாயின் கண்ணீரையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடித்துவைக்கும்வரை, மறைப்போரின் கை ஓங்கியே இருக்கும். தனி வில்லனைத் தேடும் துப்பறிவாளனுக்கு இவ்வொற்றுமை புலப்படாது. அமைப்பை நோக்குபவனுக்கே அது புலப்படும்.

எனவே எமது மாணவரிடமும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவன சில. பேசுவதை நிறுத்தவேண்டாம், பேச்சுக்கு முன் கேளுங்கள். ஊர்தோறும் காத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்கள் இசைந்தால், அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாள், எந்த இடம், என்ன உடை, எந்தத் தையல், எந்தப் பல் உடைந்திருந்தது, எந்தக் கை முறிந்து பொருந்தியிருந்தது. கண்டது, கேட்டது, நினைப்பது ஆகிய மூன்றையும் வெவ்வேறாகக் குறியுங்கள். ஒரு படியை அவர்களிடமே கொடுங்கள். வழக்கறிஞர் வழி நீதிமன்றுக்குச் சேரவேண்டியதை அங்கே சேருங்கள். மரபணு மாதிரி என்றால் என்ன, அது எதற்கு உதவும் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்குங்கள். மூலம் தெரியாத படத்தை அனுப்பாதிருங்கள். ஆதாரமில்லாப் பெயரை உச்சரியாதிருங்கள். விஞ்ஞானப் பிரிவில் பயில்வோரே, எலும்பின் மொழியைக் கற்க உங்களுட் சிலராவது முன்வாருங்கள். வெளிநாட்டு நிபுணரின் வருகைக்காக என்றென்றும் காத்திருக்கும் நிலை எமக்கு ஏன்?

முடிவாக ஒரு சுயவிமரிசனம். பிறர் ஊகங்களைக் குறைகாணும் நாம், அன்று தேநீர்க்கடையில் என்ன செய்தோம்? அம்மூதாட்டியின் வினாவைக் கேட்டோம், நெஞ்சு கனத்தோம், அவர் பேருந்தில் ஏறிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரது பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. சாரம் அணிந்து சென்றவர் மகனா கணவரா என்பதைக்கூடக் கேட்கவில்லை. கையில் எழுதுகோல் இருந்தது. பையில் கொப்பியும் இருந்தது. அதன்பின் இருமுறை சந்தை நாளில் அங்கே சென்று நின்றோம், அவரைக் காணவில்லை. மீண்டும் செல்வோம். இதனை வாசிப்போர் தத்தம் ஊர்ச் சந்தையில் அவ்வாறு ஒருவரைக் கண்டால், எம்மைப்போல் பேருந்து வரும்வரை வாளாவிராதீர்கள்.